ஒரு மூச்சு பிந்திப் பாடிய பெட்டி

என் தம்பியை யாராவது மெச்சிப் பேசினால் எனக்கு நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே ஓரிடத்தில் சுருக்கென்று இழுக்கும். வயதானால் ஆசை குறையும், கோபம் குறையும் என்பார்கள். எனக்கும் குறைந்திருக்கிறது. பல் குறைந்திருக்கிறது, முடி குறைந்திருக்கிறது. இந்த இழுப்பு மட்டும் சின்ன வயதில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

அவன் விழுப்புரத்தில் இருக்கிறான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு பெரிய கோயிலில் ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிறான். நான் திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற வழியில் இருக்கிற எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டேன். தொழில் மைக்செட். எங்கள் ஊர் மாதா கோயிலில் நானும் கீபோர்டு வாசிக்கிறேன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே காரியம். அவன் வாசித்தால், ஆகா, என்ன சங்கீதம் என்பார்கள். நான் வாசித்தால், பெரியவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியாதா?

சின்ன வயதில் எங்கள் ஊருக்கு வந்த சாமியார் ஒருவர், வீட்டுக்கு ஒரு பிள்ளையை மிஷன் பள்ளிக்கூடப் போர்டிங்கில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். எங்கள் அப்பாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். எனக்குக் கவலை ஓட்டத் தெரியும். மாட்டை முன்னும் பின்னும் நடத்திக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற வேலை அது. தம்பிக்குத் தெரியாது. தெரிந்தவன் நின்றான், தெரியாதவன் போனான். அவ்வளவுதான் விஷயம். அப்பா ஒன்றும் பெரிதாக யோசித்து முடிவு செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கேப்பைக் களி தின்றுகொண்டே சொன்னார்.

விடுமுறைக்கு வரும்போது தம்பியின் காலில் செருப்பு இருக்கும், கையில் சங்கீதத் தாள் இருக்கும். கம்பியின் மேல் குருவிகள் உட்கார்ந்த மாதிரி அதில் புள்ளி புள்ளியாக எழுதியிருக்கும். அதைப் பார்த்து அவன் பாடுவான். நான் அவன் வாயைப் பார்ப்பேன். எனக்கு எழுத்தே கோயில் பாட்டுப் புத்தகத்தில்தான் வந்தது. பாட்டு முன்னமே மனப்பாடம், எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று பிறகு நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

மைக்செட் தொழிலில் சாமி பேதம் கிடையாது. மயிலத்தில் பங்குனி உத்திரத்துக்குக் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருக்கிறேன். மேல்சித்தாமூரில் ஜைனர்களின் தேருக்கும் கட்டியிருக்கிறேன். அங்கே பொழுது சாய்வதற்குள் சோறு போட்டுவிடுவார்கள், அதனால் அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கச்சேரிக்கு வருகிறவர்களின் ஆர்மோனியத்தைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில் நாலு கட்டை அழுத்தி அழுத்தித்தான் எனக்கு வாசிப்பே வந்தது. மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்பேன். மைக் எப்போதோ சரியாகியிருக்கும்.

இப்போது சொல்லவந்தது கம்ப்யூட்டர் விஷயம்.

எங்கள் கோயிலில் முன்பிருந்த பங்குச்சாமியார் மாற்றலாகிப் போகும்போது ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு கட்டைப் பலகையையும் என்னிடம் விட்டுப்போனார். பலகை பார்ப்பதற்குக் கீபோர்டு மாதிரியே கறுப்பும் வெளுப்புமாக இருக்கும். ஆனால் அதற்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது, ஊமை. ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகினால் உள்ளே இருக்கிற ஒரு ப்ரோக்ராம் அதற்கு வாயாக இருந்து பேசும். ஆர்மோனியம் என்றால் ஆர்மோனியம், பிடில் என்றால் பிடில். அதற்குள்ளேயே தபேலாவும் டோலக்கும் இருந்தன. நான் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகத் தாளம் கட்டி அதற்குள் வைத்திருந்தேன். காணிக்கைப் பாட்டுக்கு மாட்டுவண்டி நடை. மாதா பாட்டுக்கு ஊஞ்சல் நடை. இங்கிலீஷில் பெயர் போடத் தெரியாததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த தம்பி, ஊஞ்சல் நடையைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"இது எந்தக் கீபோர்ட்லயும் வராதேண்ணா. எங்கருந்து புடிச்ச?"

"நானே கட்டினது."

"எனக்கு ஒரு காப்பி குடேன்."

"இத இங்கருந்து எடுக்க முடியாதுப்பா. இந்தப் பெட்டியிலதான் பேசும்."

அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோஷம், பொய் சொல்லும்போதுகூட யாருக்கும் இருந்திருக்காது. அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. வாழ்நாளில் அது ஒன்றுதான்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் இடி இடித்தது. கரண்டு போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று, பிறகு ஒரேயடியாக வந்தது. கோயிலுக்கு ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். கம்ப்யூட்டர் பக்கமிருந்து தோசை கருகின வாசனை வந்தது.

மாதா திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கொடியேற்றி, நவநாள் நடத்தி, கடைசி நாள் திருநாள் பூசையும் தேரும். வெளியூர் போன பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வருகிற ஒரே பூசை அது. அந்தப் பூசையில் கட்டைக்குப் பின்னால் உட்காருகிற இடம் முப்பது வருஷமாக என் இடம். இப்போது இருக்கிற பங்குச்சாமியார் இளவயசுக்காரர், நல்ல மனுஷர். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"ஐயா, கொடியேத்தத்துக்குள்ள சரியாச்சுன்னா நீங்கதான் வாசிக்கப் போறீங்க. ஆகலன்னா திருநாளுக்கு விழுப்புரத்துல இருந்து உங்க தம்பிய வரச் சொல்லிடலாம். அவருகிட்ட கீபோர்டு இருக்கு, தூக்கிக்கினு வந்துடுவாரு. குடும்பத்துக்குள்ளதானே."

குடும்பத்துக்குள்ளதானே என்ற அந்த வார்த்தைதான் சுட்டது. செஞ்சியிலிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ யாராவது வந்து வாசித்திருந்தால் நான் அவருக்கு மைக் வைத்து, தண்ணீர் கொடுத்து, கைகூடத் தட்டியிருப்பேன். என் தம்பி என் இடத்தில் உட்காருவதை, நானே மைக்கைத் திருப்பிவைத்து ஊருக்குக் கேட்கவைக்க வேண்டும் என்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கம்ப்யூட்டரைத் துணியில் கட்டித் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனேன். ரிப்பேர் செய்கிறவர் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஆர்டு டிஸ்க்கு மட்டும் உயிரோட கீது பெரியவரே. உங்க ப்ரோக்ராமு அதுல பத்திரமா இருக்குது. மத்ததெல்லாம் போச்சு."

"அப்ப வேற கம்ப்யூட்டர்ல அத மாட்டிக் குடுங்க."

"அங்கதான் பேஜாரு. இது பழைய விண்டோஸுக்குச் செஞ்ச ப்ரோக்ராமு. புது விண்டோஸ்ல ஏறாது. பழைய விண்டோஸு புது கம்ப்யூட்டர்ல ஏறாது. செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. பேசாம நல்ல கீபோர்டா ஒண்ணு வாங்கிடுங்க. விழுப்புரத்துல ஒருத்தரு வெச்சிக்கினு வாசிப்பாரு, ரயில்வேகாரரு. அந்த மாதிரி."

"அவர உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் கல்யாணப் பூசைக்கு அவருதான் வாசிச்சாரு. இன்னா வாசிப்பு தெரியுமா. என் மாமியாரே அழுதுட்டாங்க."

டிஸ்கை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம், அந்த மாமியார் எதற்கு அழுதாளோ, மருமகனைப் பார்த்து அழுதிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் என் மருமகள் இருந்தாள். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். இவள் மயிலம் பக்கம் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள், திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை இன்னும் கல்யாணச் சீர் மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். டிஸ்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல போட்டுப் பாக்கலாமா மாமா?"

"விண்டோஸ் கம்ப்யூட்டர்லயே ஏறாதாம்மா."

"இதுல விண்டோஸே கிடையாது. அது எப்பவோ கெட்டுப்போச்சு. அதுக்குப் பதிலா லினக்ஸுதான் ஓடிக்கினு இருக்குது."

திரையில் லினக்ஸின் அடையாளமாகக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. சொந்த வீட்டிலேயே நுழைய முடியாதவன் பக்கத்து வீட்டில் எப்படி நுழைவான் என்று கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"நடுவுல ஒருத்தர வெச்சிக்கணும் மாமா. ப்ரோக்ராமு விண்டோஸ்கிட்ட கேக்கறத எல்லாம் இவரு வாங்கிக்குவாரு. லினக்ஸுக்குப் புரியற மாதிரி கேட்டு வாங்கி, விண்டோஸே குடுத்த மாதிரி திருப்பிக் குடுப்பாரு. வேற ஊட்ல கீறோம்னு அந்த ப்ரோக்ராமுக்குத் தெரியவே தெரியாது."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கினாள். "கல்யாணத் தரகன் மாதிரின்னு சொல்லு. ரெண்டு பக்கமும் பொய் சொல்லி முடிச்சி வெப்பான்."

"ஆமா அத்தே. நடுவுல நிக்கற அந்த ப்ரோக்ராமு பேரு ஒயின்."

"நல்லதாப் போச்சு. கோயில் காரியம் ஒயின் இல்லாம நடக்காது."

அன்று பொழுது போவதற்குள் அவள் அதை ஓடவைத்துவிட்டாள். எழுத்திருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக இருந்தது, நிறமெல்லாம் வெளிறியிருந்தது. ஆனால் என் நம்பர்கள் வரிசையாக நின்றன. ஊஞ்சல் நடையைத் தட்டினேன். தபேலா புறப்பட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயத்தைத் தள்ளி உட்கார்ந்து உரிக்கக் கூடாதா என்று மனைவியைத் திட்டினேன்.

பிறகு பலகையை மாட்டி ஒரு கட்டையை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. கையை எடுத்தேன். எடுத்த பிறகு வந்தது சத்தம்.

மறுபடி அழுத்தினேன். மறுபடி அப்படித்தான். ஒரு மூச்சு விடுகிற நேரம் பிந்தி வந்தது. பெருமுக்கல் மலைப் பக்கம் தேருக்குக் கூம்பு கட்டினால், தெருக்கோடியில் இருக்கிற கூம்பின் சத்தம் பக்கத்தில் இருப்பதன் சத்தத்துக்குப் பின்னால் ஓடி வரும். காற்றில் நடந்து வருகிறது, அதனால் நேரமாகிறது. இங்கே பலகைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

"நடுவுல ஆளு வெச்சா லேட்டுதான் மாமா" என்றாள் மருமகள். "எல்லாத்தையும் அவரு கேட்டுக் கேட்டுத் தரணும் இல்ல."

தாளம் தானாக ஓடுவது, அது ஒழுங்காக ஓடியது. அதைக் கேட்டு நான் அழுத்துகிற ஆர்மோனியம்தான் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. நொண்டுகிறதே என்று நான் தயங்கினால் இன்னும் நொண்டியது. பாட்டுக்குழுப் பெண்கள் பழக வந்தார்கள். வருகைப் பாட்டு முதல் சரணத்திலேயே நின்றுபோனது.

"மாமா, நீங்க முன்னாடி போறீங்களா, பின்னாடி வர்றீங்களான்னு சொல்லிடுங்க" என்றாள் குழுவில் மூத்தவள். "நாங்க நடுவுல மாட்டிக்கினு முழிக்கிறோம்."

"விழுப்புரத்துக்காரர வரச் சொல்லிட்டா தேவலாம் போல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்றைக்கும் அவளோடு பேசியிருக்கமாட்டேன்.

இரண்டு மூன்று நாள் இப்படி ஓடியது. ஒரு நாள் வேலை முடிந்து வந்த மருமகள் லேப்டாப்பில் ஏதோ தட்டினாள், மூடினாள், திறந்தாள். அழுத்திப் பாருங்க மாமா என்றாள். தாமதம் பெருமளவு குறைந்திருந்தது. முழுதாகப் போகவில்லை, ஆனால் மூச்சு அளவிலிருந்து கண் சிமிட்டுகிற அளவுக்கு வந்திருந்தது.

"எப்படிம்மா பண்ண?"

அவள் லேப்டாப்பின் மூடியைத் துடைத்தாள். துடைத்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"சின்ன மாமாவுக்குப் போன் பண்ணி கேட்டேன். கம்ப்யூட்டரு சத்தத்த கொஞ்சம் கொஞ்சமா சேத்து வெச்சிக்கினுதான் அனுப்புமாம். சேத்து வெக்கற அளவ கொறச்சா ஜல்தியா வருமாம். எங்க கொறைக்கணும்னு அவருதான் சொன்னாரு."

"அவனுக்கு லினக்ஸும் தெரியுமா?"

"தெரியாதாம். ஆனா அவரு கோயில்லயும் கம்ப்யூட்டர்ல வாசிக்கும்போது இந்தத் தொல்லை வந்துச்சாம்."

நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். எனக்கு வந்த கோபம் மருமகள் மேல் இல்லை. பெட்டி செத்துப்போய்க் கிடந்தபோதுகூட எனக்கு இப்படி இல்லை. செத்த பெட்டி என்னுடையதாகவே இருந்தது. இப்போது ஓடுகிற பெட்டிக்குள் அவன் கை போயிருந்தது. நான் அன்று இரவு சோறு வேண்டாம் என்றேன். மனைவி தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"தம்பிய கேட்டதுக்கு சோறு மேல இன்னா கோவம்? அவரு இன்னா லேப்டாப்புல வெஷமா வெச்சிட்டாரு?"

"உனக்குப் புரியாது."

"எனக்கா? கல்யாணமான புதுசுலருந்து பாத்துக்கினு வரேன். அவரு ஊட்ல மாடி கட்டுனப்ப உனக்குக் காய்ச்ச வந்துச்சு. சோத்த துன்னு."

தின்றேன். தின்றுகொண்டே மருமகளிடம், வேறென்ன சொன்னான் அவன் என்று கேட்டேன். அவள் அத்தையைப் பார்த்தாள். சொல்லு என்றாள் அத்தை.

"மீதி லேட்டு போவாதுன்னு சொன்னாரு. ஆனா பரவால்லயாம். 'அண்ணன் எப்பவும் பாட்டுக்கு முன்னாடிதான் ஓடும். இப்ப பெட்டி பின்னாடி வருது. ரெண்டும் சேந்து சரியாப் போயிடும்'னு சொன்னாரு."

மனைவி சிரித்தாள். மருமகள் சிரிப்பை அடக்கினாள்.

இது அவனுடைய பழைய கேலி. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் நின்று பாடுவோம். அண்ணன் பாட்டை முடிச்சிட்டு ஊட்டுக்குப் போய்ச் சேர்ந்துடுவான், நாம இன்னும் ரெண்டாவது சரணத்துல நின்னுக்கினு இருப்போம் என்று எல்லாரிடமும் சொல்லுவான். போர்டிங்கில் கால் தட்டித் தட்டிக் கற்றவன் அவன். எனக்குக் கால் தட்டக் கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லை, மாடுதான் எனக்கு நடை. மாடு வீட்டைப் பார்த்துவிட்டால் எப்போதும் வேகமாகத்தான் போகும். அந்தக் கேலிக்குப் பயந்துதான் நான் இத்தனை வருஷமாகக் கட்டையைத் தொடும்போதெல்லாம் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். ஓடாதே ஓடாதே என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டே இருப்பான். அந்த ஒருவனுக்கு என் தம்பியின் குரல்.

மறுநாள் காலை கோயிலில் யாரும் இல்லாதபோது போய் உட்கார்ந்தேன். ஊஞ்சல் நடையை ஓடவிட்டேன். இழுத்துப் பிடிக்காமல் என் கை எப்படிப் போக ஆசைப்படுகிறதோ அப்படி விட்டேன். அடி விழுவதற்கு முன்னால் கை விழுந்தது. சத்தம் அடியின் மேல் வந்து உட்கார்ந்தது.

அவன் சொன்னது சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பாட்டு நன்றாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அவனை வைதேன். கை ரொம்ப முன்னால் ஓடிவிட்டால், கொஞ்சம் நிறுத்துவேன். பிறகு மறுபடி. காது தாளத்தில், கை தாளத்துக்கு முன்னால். அது பழக நாட்கள் ஆயின. தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கும்போதுகூடக் கை வாய்க்கு முன்னால் போவது மாதிரி இருந்தது.

கொடியேற்றத்தன்று சாமியார் வந்து பக்கத்தில் நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். பாட்டுக்குழுவும் தடுமாறவில்லை. "நல்லாத்தானே இருக்குது. திருநாளுக்கு நீங்களே வாசிங்க ஐயா" என்றார். எனக்கு அந்த மெழுகுவர்த்தி வாசனை, பூ வாசனை எல்லாம் அப்போதுதான் மூக்கில் ஏறியது.

திருநாளன்று தம்பி வந்தான். வாசிக்க இல்லை, ஊர்ப்பிள்ளையாக வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கோயில் வாசலில் அவனைச் சுற்றி ஒரு கூட்டம். எனக்கு மைக் ஒயர் இழுக்கிற வேலை இருந்தது, அதனால் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தான். வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு, எல்லாம் ஒழுங்காகப் போயின. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் மாதா பாட்டு. அதற்கு முன்னால் சாமியார் மைக்கில் சொன்னார்.

"நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்தர் விழுப்புரத்துல இருந்து வந்திருக்காங்க. கடைசிப் பாட்ட அவங்க வாசிச்சா நமக்கெல்லாம் சந்தோஷமா இருக்கும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி வேண்டாம் என்று கை காட்டினான். சாமியார் விடவில்லை. நான் எழுந்தேன். எழுந்தால்தானே அவன் உட்கார முடியும். ஊஞ்சல் நடையை நானே ஓடவிட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். தாமதத்தைப் பற்றி அவனிடம் நான் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, போனில் மருமகளுக்குச் சொன்னவனே அவன்தான். ஆனால் தெரிவது வேறு, கைக்குத் தெரிவது வேறு. அது எனக்குத் தெரியும்.

முதல் வரியை அவன் சரியாக அடியின் மேல் அழுத்தினான். சத்தம் பின்னால் வந்தது. பாட்டுக்குழுவில் மூத்தவள் கண்ணை உருட்டினாள். இரண்டாவது வரியில் சத்தத்துக்காகக் காத்திருந்தான், இன்னும் பின்னால் போனான். பெண்கள் பக்கத்தில் இரண்டு குரல் நின்றுபோயிற்று. அப்போது எனக்குள் வந்ததை எப்படிச் சொல்வது. கோடையில் கிணற்றில் குதித்தால் முதலில் காலில், பிறகு வயிற்றில், பிறகு தலையில் ஏறும் ஒரு குளிர்ச்சி. செருப்பு, தாள், ரயில்வே, மாடிவீடு, ரிப்பேர்க்காரரின் மாமியார் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த இரண்டு வரி.

மூன்றாவது வரிக்கு முன்னால் அவன் கட்டையிலிருந்து கண்ணை எடுத்தான். ஜன்னல் பக்கம் பார்த்தான். கழுத்து மட்டும் ஒரு சின்ன ஆட்டம் ஆடியது, பஸ் திரும்பும்போது நின்றுகொண்டு வருகிறவனுக்கு ஆடுகிற மாதிரி. பிடித்துவிட்டான். அங்கிருந்து ஒரு எழுத்துகூடப் பிந்தவில்லை. பிந்தாதது மட்டும் இல்லை, நான் கட்டிய ஊஞ்சல் நடை முன்னே போய்ப் பின்னே வருகிற இடத்தில் சின்னதாக ஒரு சுரத்தைத் தொங்கவிட்டான். இத்தனை வருஷத்தில் எனக்கு அங்கே ஒன்று வைக்கலாம் என்று தோன்றியதே இல்லை. பெண்கள் கண்ணை மூடிப் பாடினார்கள். எனக்கு நாட்கணக்கில் ஆனது அவனுக்கு இரண்டு வரியில் ஆயிற்று. மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்து பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் சாமியார் அவனிடம் வந்தார். நானும் பக்கத்தில்தான் இலையோடு இருந்தேன்.

"அடுத்த வருஷத் திருநாளுக்கு நீங்களே வந்து வாசிச்சா என்ன? ஐயாவுக்கும் வயசாவுது, கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

நான் பாதிப் பொங்கலோடு இலையை மடித்தேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல ஃபாதர், நமக்கு ஒத்து வராது. அந்தப் பெட்டி லேட்டாப் பேசுது. பாத்தீங்க இல்ல, எடுத்ததுமே திணறிட்டேன். அது அண்ணன் கைக்குத்தான் அடங்கும்."

"உங்க கீபோர்ட கொண்டாரலாமே?"

"அதுல அந்தத் தாளம் வராது. அந்தத் தாளம் இல்லன்னா இந்த ஊர்ப் பாட்டு பாட்டா இருக்காது."

"ஆமா ஃபாதர், மொதல்ல கொஞ்சம் தடுமாறிச்சு" என்றாள் பாட்டுக்குழுவின் மூத்தவள். சாமியார் தலையாட்டினார். அதோடு முடிந்தது. என் இடம் எனக்கு நின்றது.

சாயங்காலம் தேர் புறப்படும் முன்பே அவனுக்கு ஊருக்குப் போகவேண்டி இருந்தது. ஷேர் ஆட்டோவில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். விழுப்புரம் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"மூணாவது வரியில புடிச்சிட்ட இல்ல?"

"எத?"

"லேட்ட."

"அப்படியாண்ணா? நான் கவனிக்கல."

"டேய், நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

அவன் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்தான். "இங்க அவிச்ச மல்லாட்டை நல்லா இருக்குமே. வாங்கிக்கினு போனா ஊட்ல சந்தோஷப்படுவாங்க" என்று கூடைக்காரியிடம் போனான். இரண்டு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி ஒன்றை என் கையில் திணித்தான். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, உடம்ப பாத்துக்கண்ணே என்று மட்டும் சொன்னான்.

சூடாக இருந்த பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவன் வாசிப்பு மேல் எனக்குப் பொறாமை உண்டு, அது பழசு, பழகியது. இது புதிது. நானாக இருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கமாட்டேன். அவன் இடத்தில் இருந்து, சாமியார் என்னைக் கேட்டிருந்தால், வர்றேன் ஃபாதர் என்றுதான் சொல்லியிருப்பேன். விட்டுக்கொடுக்கிறதுக்கும் கையில் ஏதாவது இருக்கவேண்டும். அவன் கையில் நிறைய இருந்தது. மல்லாட்டையை நான் தின்னவில்லை. ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

தேரெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மருமகள் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, சின்ன மாமா ஊருக்குப் போனதும் போன் பண்ணாரு. லேட்டே இல்லாம பண்ண வேற ஒரு வழி இருக்காம். யார்கிட்டயோ விசாரிச்சிச் சொன்னாரு. போட்டுடட்டுமா? அழுத்தின ஒடனே சத்தம் வந்துடும்."

அழுத்தின உடனே சத்தம் வந்தால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கலாம். முதல் வரியிலிருந்தே வாசிக்கலாம்.

"வேணாம்மா. இப்படியே இருக்கட்டும்."

"ஏன் மாமா? உங்களுக்கு ஈசியா இருக்குமே."

"இது கைக்குப் பழகிப்போச்சு."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, சரி மாமா என்று லேப்டாப்பை மூடி உறைக்குள் போட்டாள்.

பாய் விரித்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பாமலேயே சொன்னாள். "பழக்கமாம் பழக்கம். ஊட்ட பூட்டி சாவிய இடுப்புல சொருவிக்கினு, பழக்கம்னு சொல்லுது பாரு."

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு எந்தப் பாட்டு என்று மருமகளைக் கேட்டேன்.